கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பார்க்கப் போகிறீர்களா? படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில் அப்சர்வேட்டரிக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஊரெல்லாம் சுற்றிவிட்டு மதியத்துக்கு மேல் போயிருப்பார்கள். அதற்குள் மேகம் ஏறிவிடும். உள்ளே இருப்பது படங்கள் மட்டும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். ஆனால் காலையில் அதே இடத்தில் சூரியனின் நேரடிப் பிம்பமும், சூரிய ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலையும் இருந்திருக்கும்.

எல்லாம் வரிசையைப் பொறுத்த விஷயம். எதை முதலில் செய்ய வேண்டும், ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது சூரியனை ஆராயும் இடம். 1899-லிருந்து இயங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரம். பெங்களூருவில் தலைமையகம் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துகிறது. வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் இன்றைக்கும் இங்கே சூரியனைப் படம் எடுக்கிறார்கள். அதனால் எல்லாக் கதவும் நமக்குத் திறந்திருக்காது.

சுற்றுலாப் பயணிக்குக் கிடைப்பவை: வானியல் அருங்காட்சியகம், அங்கே காட்டப்படும் சூரியனின் நேரடிப் பிம்பம், நிறமாலை, குறிப்பிட்ட நாட்களில் தொலைநோக்கி வழியே இரவு வானம். ஆய்வுக்கான கருவிகளைப் பார்க்கத் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

"பெரிய டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சனியின் வளையத்தைப் பார்க்கலாம்" என்று சொல்லிக் குழந்தைகளைப் பகலில் கூட்டி வராதீர்கள். பகலில் காட்டுவது சூரியனை. அதை முன்பே சொல்லி அழைத்து வந்தால் அவர்களே ஆர்வமாகப் பார்ப்பார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கோக்கர்ஸ் வாக்கில் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு தொலைநோக்கி இருக்கிறது. டாக்ஸிக்காரரிடம் "டெலஸ்கோப் இருக்குற இடத்துக்குப் போகணும்" என்றால், "அதானே அண்ணே, பக்கத்துலயே இருக்கு" என்று அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்பவர்களில் பலருக்கும் அதுதான் தேவை. நீங்கள் "அப்சர்வேட்டரி, சூரிய ஆராய்ச்சி நடக்குற இடம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை வருவது நல்லது. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், தென்மேற்குப் பருவம் தொடங்கியிருக்காது. காலை வேளையில் வெயில் கிடைக்கும் வாய்ப்பு இந்த மாதங்களில்தான் அதிகம்.

ஏப்ரல், மே மாதங்களிலும் காலை வெயில் உண்டு. ஆனால் அது சீசன். மலைப்பாதையிலும் ஊருக்குள்ளும் வண்டிகள் தேங்கி நிற்கும். ஏரியைத் தாண்டுவதற்குள் உங்கள் காலை போய்விடும். கூடவே பிற்பகலில் கோடை மழையும் வரும்.

அக்டோபர், நவம்பரில் ஆய்வகத்துக்காகவே வருவது வேண்டாம். நாள் முழுக்க மூடிக் கிடக்கும் வானம் அப்போது சாதாரணம்.

எந்த மாதமானாலும் இரண்டு காலைகள் கையில் இருக்கும்படி, குறைந்தது இரண்டு இரவு தங்கத் திட்டமிடுங்கள். முதல் காலை மூடினால் இரண்டாவது இருக்கும். முதல் காலையே தெளிவாகக் கிடைத்தால் இரண்டாவதற்கும் ஒரு வேலை உண்டு, 8-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

3. திறப்பு நேரத்தை முன்கூட்டியே கேளுங்கள்

பார்வை நேரம் பருவத்தைப் பொறுத்து மாறும். சீசனில் ஒரு மாதிரி, மற்ற மாதங்களில் வேறு மாதிரி. நண்பர் போன வருடம் சொன்ன நேரத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம். நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பாருங்கள். ஊருக்கு வந்த பிறகு தங்கும் விடுதி வழியாகவும் விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்று கேள்விகள் போதும்: நாளைக்குத் திறந்திருக்குமா, எத்தனை மணிக்கு, இரவு வானம் காட்டும் நாள் ஏதாவது வருகிறதா.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அதை ஒட்டி வருகிறவர்கள், பொதுமக்களுக்குச் சிறப்பு ஏற்பாடு ஏதும் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

4. இ-பாஸ், வழி, பாட்டில்

2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த நடைமுறை இது. வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எங்கே தங்கல் என்ற விவரங்களைத் தயாராக வைத்துக்கொண்டு அரசின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு சிக்னல் தேடாதீர்கள். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரயிலில் வந்தால் கொடை ரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மலையேற வேண்டும். சுமார் 80 கிலோமீட்டர். பழனியிலிருந்தும் மலைப்பாதை உண்டு.

முந்தின நாளே ஊர் வந்து சேர்ந்துவிடுங்கள். மதுரையிலிருந்து விடிகாலையில் கிளம்பி நேராக ஆய்வகத்துக்குப் போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள், சாவடியில் நிற்க வேண்டும், நடுவில் டிபன். மேலே வரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும், மேகமும் கூடவே ஏறி வந்திருக்கும்.

சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலும் பிளாஸ்க்கும் எடுத்து வந்துவிடுங்கள்.

5. முந்தின மாலை ஒரு வட்டம் வரையுங்கள்

இதைச் செய்துவிட்டு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் நின்று பார்ப்பார்கள். செய்யாதவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். அதனால் சோம்பல் படாதீர்கள்.

நாசாவின் எஸ்டிஓ விண்கலம் எடுக்கும் அன்றன்றைய சூரியப் படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதைக் கைபேசியில் திறந்து, ஒரு வெள்ளைத் தாளில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, படத்தில் இருக்கும் கரும்புள்ளிகளை (சூரியப் பரப்பில் சுற்றுப்புறத்தைவிடச் சூடு குறைவாக இருப்பதால் கறுப்பாகத் தெரியும் இடங்கள்) அதே இடங்களில் பென்சிலால் குறியுங்கள். பெரிய கூட்டம் எது, விளிம்பை ஒட்டி இருப்பது எது என்று தெரிந்தால் போதும்.

இதற்குக் காரணம் உண்டு. நேரடிப் பிம்பத்தில் புள்ளிகள் நாம் எதிர்பார்ப்பதைவிடச் சின்னதாகத் தெரியும். எங்கே தேட வேண்டும் என்று தெரியாதவர் கண்ணில் அவை படவே படாது. தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார்.

புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும். 2024-ஐ ஒட்டி உச்சம் வந்து போயிற்று. இனி வரும் சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும். படத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத நாளும் வரும். அப்படி இருந்தாலும் போங்கள், பார்ப்பதற்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

6. காலையில் வேறெங்கும் நிற்காதீர்கள்

தூண் பாறை, குணா குகை, பைன் காடு எல்லாவற்றையும் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். அவை மேகம் வந்தாலும் அங்கேயேதான் இருக்கும். சொல்லப்போனால் தூண் பாறை மேகம் விலகி விலகித் தெரியும்போதுதான் இன்னும் அழகு.

வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்குகளில் சூடான ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. காலையில் நீலமாக இருந்த வானம் மதியத்தில் வெள்ளையாவது இதனால்தான். மேகம் வராவிட்டாலும் தரை சூடாகிக் காற்று கொதிக்கத் தொடங்கும். சூரியப் பிம்பத்தின் விளிம்பு நடுங்கும். ஆய்வாளர்களும் இதே காரணத்துக்காகத்தான் காலை நேரத்தைப் பிடித்து வேலை செய்கிறார்கள்.

டாக்ஸி பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். வழக்கமான சைட்சீயிங் சுற்றில் அப்சர்வேட்டரி பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் கடைசியில் இருக்கும். "முதல்ல அப்சர்வேட்டரி, கதவு திறக்கும்போது அங்க இருக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்" என்று முந்தின இரவே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நடந்து போகிறவர்கள் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். அதிகாலையில் சாலையோரம் காட்டுமாடுகள் மேயும். படம் எடுக்கப் பக்கத்தில் போகாமல், அவை கடக்கும் வரை ஒதுங்கி நில்லுங்கள்.

7. உள்ளே நுழைந்ததும் நேராகப் பிம்பத்துக்குப் போங்கள்

பலரும் வாசலில் தொடங்கி ஒவ்வொரு படமாக வாசித்துக்கொண்டே போவார்கள். வழக்கமான அருங்காட்சியகத்தில் அது சரி. இங்கே சுவரில் இருக்கும் படம் மாலை வரை இருக்கும், சூரியன் இருக்காது. அதனால் பணியாளரிடம், "சார், சூரியன் பிம்பமும் ஸ்பெக்ட்ரமும் எங்கே காட்டுறீங்க? அதை முதல்ல பார்த்துக்குறோம்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிறவர்களுக்கு அவர்கள் பொறுமையாக விளக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பிம்பத்தில் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் விளிம்பு. வட்டத்தின் நடுப்பகுதி பளிச்சென்றும் ஓரம் மங்கலாகவும் இருக்கும். நடுவில் நமக்குத் தெரிவது கொஞ்சம் ஆழத்தில், சூடு அதிகமான அடுக்கிலிருந்து வரும் ஒளி. ஓரத்தில் சாய்வாகப் பார்ப்பதால் மேலே இருக்கும், சூடு குறைந்த அடுக்கே தெரிகிறது. சூரியன் ஒரு தட்டையான வெள்ளைத் தட்டு இல்லை, வாயுவாலான பந்து என்று கண்ணுக்கே புரியும் இடம் இது. கரும்புள்ளி இல்லாத நாளிலும் இது உண்டு.

அடுத்து விளிம்பின் நடுக்கம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஓரம் அலைவது தெரியும். அது நம் காற்றின் வேலை. அன்றைய காலை எவ்வளவு நல்ல காலை என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

பிறகு கரும்புள்ளிகள். நீங்கள் வரைந்த தாளை எடுங்கள். பிம்பம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ இருக்கலாம். கண்ணாடிகளும் லென்சும் செய்யும் மாற்றம் அது. தாளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். ஏதோ ஒரு நிலையில் புள்ளிகள் சரியாக வந்து உட்காரும். குழந்தைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

பெரிய புள்ளியாக இருந்தால் நடுவில் கரிய பகுதியும் சுற்றிலும் சாம்பல் நிற வளையமும் பிரிந்து தெரியலாம். அந்தச் சாம்பல் வளையத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது இதே வளாகத்தில்தான். நிறமாலைக் கோடுகள் கொஞ்சம் விலகியிருந்ததை வைத்து அதைக் கண்டார். ஆகவே பிம்பத்தை அடுத்து நிறமாலைக்குப் போவதுதான் முறை.

நிறமாலையில் வண்ணங்களை ரசித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பார்க்க வேண்டியவை வண்ணங்களுக்குக் குறுக்கே நிற்கும் கருங்கோடுகள். ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்வதால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. மஞ்சளில் தேடுங்கள்: அங்கே இருப்பது சோடியம், நம் வீட்டு உப்பில் இருக்கும் அதே தனிமம். உண்மையில் அவை இரண்டு கோடுகள், ஆனால் மிக நெருக்கம். கருவியைப் பொறுத்து ஒன்றாகவும் தெரியும், இரண்டாகவும் தெரியும். சிவப்பில் ஹைட்ரஜன் கோடு இருக்கிறது. ஊதாவின் ஓரத்தில் கால்சியம் கோடுகள். கால்சியத்தின் அந்த ஒரே நிறத்தில் சூரியனைப் படம் எடுக்கும் வேலை இங்கே 1904-இல் தொடங்கியது. அந்தத் தொடரில் கண்ணாடித் தகடுகளில் பதிந்த படங்களை இப்போது கணினிக்கு மாற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஆராயும்படி வைத்திருக்கிறார்கள்.

ஊதா ஓரம் தாத்தாவுக்குத் தெரியாமல் பேத்திக்குத் தெரியலாம். வயதாக ஆகக் கண்ணின் லென்சு மஞ்சளாகி ஊதாவைத் தடுக்கும். அதனால் "ஒன்றும் இல்லையே" என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வதற்கு முன் குழந்தைகளைக் கேளுங்கள்.

எல்லாக் கோடும் சூரியனுடையது என்று நினைத்துவிடவும் வேண்டாம். சிவப்பின் கடைசியில் தெரியும் ஒரு பட்டை நம் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் போட்டது. எது எது என்று பணியாளரைக் கேளுங்கள்.

இவை முடிந்த பிறகு படங்களுக்கும் மாதிரிகளுக்கும் வாருங்கள். இப்போது வாசிக்கும்போது ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்று பிடிபடும்.

சுரங்கத் தொலைநோக்கி பற்றிய விளக்கத்தை அவசியம் வாசியுங்கள். 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் இருக்கும் கண்ணாடிகள் சூரியனைப் பின்தொடர்ந்து ஒளியைக் கீழே இறக்கி, 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் திருப்பிவிடுகின்றன. அங்கே 38 செ.மீ. லென்சு, சூரியனைச் சுமார் 34 செ.மீ. விட்டமுள்ள பிம்பமாக விழவைக்கிறது. கோபுரம், தரைச் சூட்டிலிருந்து தப்பிக்க. சுரங்கம், உள்ளே காற்று அசையாமல் இருக்க. அந்தப் பிம்பத்தின் அளவில் நம் பூமி மூன்று மில்லிமீட்டர்தான், ஒரு மல்லி விதை. வரும்போது நாலு மல்லி விதை கொண்டுவந்தால் குழந்தைகளுக்கு உள்ளங்கையில் வைத்தே காட்டிவிடலாம்.

8. இரண்டாவது காலை இருந்தால்

அதே நேரத்தில் மறுபடி போய் அதே தாளில் புள்ளிகளைக் குறியுங்கள். சூரியன் தன்னைத்தானே சுற்ற, பூமியிலிருந்து பார்க்கும்போது ஏறத்தாழ 27 நாட்கள் ஆகும். ஒரு நாளைக்குச் சுமார் 13 பாகை. நடுவில் இருந்த புள்ளி ஒரு நாளில் நகர்ந்திருப்பது தாளில் தெளிவாகத் தெரியும். விளிம்பை ஒட்டிய புள்ளியில் அவ்வளவு தெரியாது, அதனால் நடுவில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

9. மேகம் முந்திக்கொண்டால்

உடனே கிளம்பிவிடாதீர்கள். காலை மேகம் துண்டு துண்டாக வந்து போகும். படங்களை வாசித்துக்கொண்டே இருங்கள்; வெளிச்சம் வந்தால் ஓடிப்போய்ப் பிம்பத்தைப் பாருங்கள். ஒரேயடியாக மூடி, மரங்களின் உச்சியும் மறைந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஊர் சுற்றப் போங்கள், மறுநாள் வாருங்கள்.

10. கண்

வளாகத்தில் பார்ப்பது வடிகட்டிய அல்லது திரையில் விழும் ஒளி, அதில் பயமில்லை. ஆபத்து உங்கள் பையில் இருக்கும் பைனாகுலரில்தான். உற்சாகத்தில் அதைச் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள். ஒரு நொடி போதும், விழித்திரை கருகும். வலி தெரியாததால் கருகியதும் உடனே தெரியாது. எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், புகை படிந்த கண்ணாடி எதுவும் காப்பாற்றாது. கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பதும் தவறு. குவிந்த ஒளி கண்ணாடியையே துளைத்துவிடும்.

மேகம் மெல்லிசாக இருக்கும்போது கண் கூசாது என்பதால் பலர் வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கிறார்கள். அதையும் செய்ய வேண்டாம்.

11. இரவு வானம் காட்டும் நாளாக இருந்தால்

சுவெட்டர், குல்லா, சாக்ஸ் மூன்றும் வேண்டும். மலைக் குளிரில் அசையாமல் வரிசையில் நிற்பது, நடப்பதைப் போல இல்லை.

கைபேசி வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். ஒருவர் டார்ச் அடித்தால் வரிசையில் இருக்கும் எல்லோருக்கும் அது வீணாகும். தொலைநோக்கியில் கண்ணை வைக்கும்போது குழாயைக் கையால் பிடிக்காதீர்கள். பிடித்தால் இலக்கு நகர்ந்துவிடும், மறுபடி வைக்க நேரமாகும்.

உங்கள் முறை வரும்வரை சும்மா நிற்க வேண்டாம். கொடைக்கானல் ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் இருப்பதால் துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும், மரம் மறைத்துவிடும். தெற்கே பாருங்கள். பிப்ரவரி, மார்ச் முன்னிரவில் தென்திசையில் பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம். ஏப்ரல், மே மாதங்களில் தென் சிலுவை தாழ்வாகத் தெரியும். வட இந்தியாவிலிருந்து வந்த நண்பர்கள் கூட இருந்தால் முதலில் இதைக் காட்டுங்கள், அவர்கள் ஊரில் அது அடிவானத்தைத் தாண்டி எழும்புவதே அரிது.

12. மாணவர்களை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு

பேருந்தோடு வந்து வாசலில் நின்று அனுமதி கேட்காதீர்கள். பள்ளித் தாளில், தலைமையாசிரியர் கையெழுத்துடன், சில வாரங்களுக்கு முன்பே எழுதுங்கள். எந்த வகுப்பு, எத்தனை பேர், எந்த நாள், அது முடியாவிட்டால் மாற்று நாள் எது என்பது கடிதத்தில் இருக்கட்டும். சுரங்கத் தொலைநோக்கி போன்ற ஆய்வுக் கருவிகளைக் காட்ட முடியுமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் வற்புறுத்த வேண்டாம். அந்த நேரத்தில் கருவி வேலையில் இருக்கும்.

ஐம்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் பிம்பத்தின் முன் நிறுத்தினால் முன்வரிசை மட்டும் பார்க்கும். பத்துப் பத்துப் பேராகப் பிரியுங்கள். ஒரு குழு பிம்பத்தில், ஒன்று நிறமாலையில், மற்றவர்கள் படங்களில் என்று மாற்றி மாற்றி அனுப்புங்கள். ஒவ்வொரு குழுவிடமும் முந்தின மாலை வரைந்த வட்டம் ஒன்று இருக்க வேண்டும். தமிழில் விளக்கம் வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.